ஆகஸ்ட் 15 எப்படி வந்தது, அதில் சேலத்துக்கு என்ன பங்கு?

அம்மாபேட்டையிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "காந்தி ஸ்டேடியத்தில் வருஷா வருஷம் கலெக்டர் கொடியேற்றுகிறார். ஏன் ஆகஸ்ட் 15 என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தேதியைக் குறித்தது யார்? அதில் நம்ம சேலத்துக்கு ஏதாவது பங்கு உண்டா? பேச்சுப்போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறேன், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் ஐயா."

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இருக்கிறது, கண்ணு: மவுண்ட்பேட்டன். இரண்டாவது கேள்விக்குத்தான் நேரம் எடுக்கும். சேலத்துக்குப் பங்கு உண்டு. நம் ஊர் பாடப்புத்தகங்கள் சொல்வதைவிட அதிகமாகவே உண்டு.

1947 பிப்ரவரி 20 அன்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லி நாடாளுமன்றத்தில் அறிவித்தது, 1948 ஜூனுக்குள் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று. அதை முடித்து வைக்க மார்ச் மாதம் கடைசி வைசிராயாக வந்து இறங்கியவர் மவுண்ட்பேட்டன். அவர் வந்தபோதே பஞ்சாபில் கலவரம் மூண்டிருந்தது, இடைக்கால அரசுக்குள் காங்கிரஸும் முஸ்லிம் லீகும் முகம் கொடுத்துப் பேசாத நிலை. இழுத்தால் எல்லாம் கைமீறிவிடும் என்று அவர் அவசரப்பட்டார். ஜூன் 3 அன்று பிரிவினைத் திட்டம் வெளியானது. மறுநாள் நிருபர்கள் கூட்டத்தில் அதிகாரம் என்றைக்குக் கைமாறும் என்ற கேள்வி வந்தபோது ஆகஸ்ட் 15 என்ற பேச்சு அவர் வாயிலிருந்தே வந்தது. ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்ட் 15-இன் இரண்டாம் ஆண்டு நிறைவு அது என்பதால் அந்தத் தேதி மனதில் உதித்தது என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். தென்கிழக்கு ஆசியாவில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்து, சிங்கப்பூரில் ஜப்பானியப் படையின் சரணாகதியைக் கையெழுத்து வாங்கியவர் அவர். அவர் வாழ்க்கையின் பெரிய வெற்றி நாள் நமக்குச் சுதந்திர நாளாக அமைந்தது. தென் கொரியாவும் இதே ஆகஸ்ட் 15-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுவது தற்செயல் இல்லை. அங்கேயும் காரணம் அதே ஜப்பானின் வீழ்ச்சிதான்.

1948 ஜூன் என்றிருந்தது 1947 ஆகஸ்ட் ஆயிற்று. சுமார் பத்து வாரத்தில் ஒரு நாட்டை இரண்டாகப் பிரித்து, ராணுவத்தையும் ரயிலையும் கஜானாவையும் பங்கு போட்டு, எல்லைக்கோடும் வரைய வேண்டும். கோடு வரைய வந்த ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவுக்கே வந்ததில்லை. ஜூலை 8 அன்று வந்தார், ஐந்து வாரத்தில் கோடு போட்டார். அவருடைய தீர்ப்பு வெளியானது ஆகஸ்ட் 17 அன்று. அதாவது கொடியேறி இரண்டு நாள் வரை, பஞ்சாபிலும் வங்காளத்திலும் லட்சக்கணக்கானவர்களுக்குத் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே தெரியாது. இந்த அவசரத்துக்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் ஆகஸ்ட் 15-ஐப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேடையில் ஒரு நிமிடமாவது இதற்கு ஒதுக்கு.

பாகிஸ்தான் ஆகஸ்ட் 14-ஐக் கொண்டாடுகிறதே என்று கேட்பார்கள். ஜூலை 18 அன்று மன்னர் ஒப்புதல் பெற்ற இந்திய சுதந்திரச் சட்டம் இரு நாடுகளுக்கும் ஆகஸ்ட் 15 என்றே சொல்கிறது. 1948-இல் பாகிஸ்தான் வெளியிட்ட முதல் தபால்தலைகளிலும் ஆகஸ்ட் 15 என்றுதான் அச்சாகியிருக்கிறது. மவுண்ட்பேட்டன் ஒரே நேரத்தில் கராச்சியிலும் டெல்லியிலும் நிற்க முடியாது என்பதால் 14-ஆம் தேதி அங்கே விழாவை முடித்துவிட்டு வந்தார். மறுவருஷத்திலிருந்து அவர்கள் 14-ஐ வைத்துக்கொண்டார்கள்.

நள்ளிரவுக்கும் ஒரு பின்னணி உண்டு. வெள்ளிக்கிழமையான அந்தத் தேதிக்கு ஜோதிடர்கள் சிலர் எதிர்ப்புச் சொன்னார்கள். ஆடி முடிகிற நேரம், அமாவாசை நெருங்குகிற நாள். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்போம், குகையில் வண்டி வேடிக்கை பார்ப்போம், ஆனால் புதுக்கடை திறக்க மாட்டோம். அந்த மனப்போக்கு நமக்குப் புரியாததில்லை. ஆங்கிலக் கணக்கில் நாள் நள்ளிரவில் பிறக்கும், நம் பஞ்சாங்கக் கணக்கில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். அரசியல் நிர்ணய சபை 14-ஆம் தேதி இரவு 11 மணிக்குக் கூடி, பன்னிரண்டு அடித்ததும் உறுதிமொழி எடுத்ததால் இரண்டு கணக்குக்கும் இடம் கிடைத்தது.

இதுவரை டெல்லிக் கதை. ஆனால் ஆகஸ்ட் 15 என்ற தேதிக்காக நம் ஆட்கள் யாரும் சிறை போகவில்லை. அவர்கள் பதினேழு வருஷம் சுதந்திர நாளாகக் கொண்டாடியது ஜனவரி 26-ஐ. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யம் என்று தீர்மானித்தது. 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கொடியேற்றி உறுதிமொழி வாசிக்கச் சொன்னார்கள். அந்த உறுதிமொழியை அம்மாபேட்டைப் பெண்ணான நீ கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். கைநூற்பு போன்ற கிராமத் தொழில்கள் அழிக்கப்பட்டு, விவசாயி வருஷத்தில் நான்கு மாதமாவது வேலையில்லாமல் கிடக்கிறான் என்று அதில் ஒரு வரி வரும். தறியும் ராட்டையும் சுதந்திர அறிக்கைக்குள் இடம் பிடித்திருக்கின்றன. அதற்குப் பிறகு 1947 வரை ஒவ்வொரு ஜனவரி 26-உம் சுதந்திர தினம்தான். மவுண்ட்பேட்டன் வேறு தேதி கொடுத்துவிட்டதால், அந்த நாளை வீணாக்கக் கூடாதென்றே அரசியல் சாசனத்தை 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி சேலம். "இருநூறு வருஷம் வெள்ளைக்காரன் ஆண்டான்" என்று மேடைதோறும் சொல்கிறார்கள். வங்காளத்துக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். சேலத்துக்குக் கணக்கு வேறு. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் சேலமும் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) அடக்கம். ஆக 155 வருஷம். முதலில் வந்த அதிகாரி கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் வயல் வயலாக அளந்து, விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மாவட்டத்து மண்ணில்தான் உருவெடுத்தது. பிறகு மன்றோ சென்னை கவர்னரானபோது மாகாணம் முழுக்கப் பரவியது.

மலைக்கும் ஒரு தனிக் கதை உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்களின் தோட்டங்களும் பங்களாக்களும் ஏற்காட்டில் எழுந்தன. 1882-இல் வந்த சென்னை வனச் சட்டம் காட்டை ஒதுக்குக்காடாக்கி, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் காட்டை எரித்து விதைப்பதற்கும் கட்டுப்பாடு போட்டது. மலையாளி மக்கள் என்று நாம் சொல்லும் மலைவாழ் மக்களுக்கு வெள்ளைக்கார ஆட்சி என்றால் கவர்னர் ஞாபகம் வந்திருக்காது, காட்டுக் காவலர்தான் வந்திருப்பார். அவர்களுடைய கணக்கில் சுதந்திரம் எந்த நாளில் வந்தது என்பது வேறு கேள்வி. 1946 மாகாணத் தேர்தலில்கூட வரி கட்டுபவர், படித்தவர் போன்றவர்களுக்குத்தான் ஓட்டு. மலைக்கிராமத்துக் குடியானவருக்கும் அவர் மனைவிக்கும் ஓட்டு கொடுத்தது 1950-இன் அரசியல் சாசனம். இன்றைக்கு ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. அதனால் மலைக்கு ஜனவரி 26 பெரிய நாள் என்று நான் நினைக்கிறேன்.

அதே 1882-இல் கீழே சேலம் டவுனில் ஒரு பெரிய இந்து முஸ்லிம் கலவரம். செவ்வாய்ப்பேட்டை மசூதி வழியாக ஊர்வலம் போவதில் வந்த தகராறு அது. கலவரத்தைத் தூண்டியதாக, நகராட்சி உறுப்பினராக இருந்த ஓர் இளம் வக்கீலைப் பிடித்துப் பத்து வருஷ தண்டனை கொடுத்தார்கள். அவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். தன் வழக்கில் தானே வாதாடி, மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். அதோடு விட்டிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. நகராட்சிப் பதவியைப் பறித்தது தவறு என்று அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தார். சர்க்கார் தவறு செய்தால் சர்க்காரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று, காந்தி இந்தியாவுக்குத் திரும்புவதற்கு முப்பது வருஷம் முன்பே ஒரு சேலத்துக்காரர் செய்து காட்டினார். "சேலம் வீரர்" என்று நாடே அழைத்தது அதனால்தான். 1885-இல் பம்பாயில் காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியபோது அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் அவர்.

அவர் வாழ்க்கையின் உச்சம் 1920 டிசம்பர், நாக்பூர் காங்கிரஸ். தலைமை வகித்தவர் அவர். "அமைதியான, நியாயமான வழிகளில் சுயராஜ்யம்" என்று காங்கிரஸ் தன் குறிக்கோளையே மாற்றி எழுதியது அங்கேதான். ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியானதும் அங்கேதான். ஜின்னா காங்கிரஸை விட்டுப் பிரிந்ததும் அந்த மாநாட்டோடுதான். மொழிவாரியாக மாகாணக் கமிட்டிகள் அமைக்க முடிவு செய்ததும் அதே இடத்தில்தான், தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி என்ற அமைப்புக்கு வேர் அங்கே இருக்கிறது. இவ்வளவும் ஒரு சேலம் வக்கீலின் தலைமையில் நடந்தது. ஒத்துழையாமையின் எல்லா அம்சங்களையும் அவர் ஏற்றுக்கொண்டவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவரைத் தலைவராக்கி உட்கார வைத்துப் பேசும் பெருந்தன்மை அந்தக் காலத்தில் இருந்தது. 1944-இல் அவர் காலமானார், ஆகஸ்ட் 15-ஐப் பார்க்கவில்லை.

அடுத்தவர் ராஜாஜி. அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர். 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு மேல் ராஜதுரோக வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவரும் இவர்தான். 1919-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த கையோடு அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார் காந்தி. விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்க வழிசெய்த ரவுலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்க ஒரு நாள் கடையடைத்து உண்ணாநோன்பு இருக்கலாம் என்ற எண்ணம் காந்திக்கு அந்த வீட்டில், விடியற்காலைத் தூக்கமும் விழிப்புமான நிலையில் தோன்றியது. எழுந்ததும் முதலில் சொன்னது ராஜாஜியிடம். காந்தியே தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். இந்தியா முழுக்க ஒரே நாளில் நடந்த முதல் ஹர்த்தால், 1919 ஏப்ரல் 6, அப்படித்தான் பிறந்தது. பிறகு 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதர் நெய்தது, 1930-இல் வேதாரண்யம் உப்பு யாத்திரை, 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதல்வர் பதவி போன்றது) மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது எல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

பலரும் மேடையில் தவிர்க்கும் பகுதி வேறு ஒன்று. 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை ராஜாஜி ஆதரிக்கவில்லை, காங்கிரஸை விட்டே விலகினார். முஸ்லிம் லீகோடு உடன்பாடு செய்யாமல் சுதந்திரம் வராது என்பது அவர் வாதம். 1944-இல் அவருடைய திட்டம் வெளியானது. போர் முடிந்ததும், வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிய மாவட்டங்களை ஒரு கமிஷன் குறிக்கட்டும், பிரியலாமா வேண்டாமா என்று அங்குள்ள எல்லா மக்களிடமும் வாக்கெடுப்பு நடக்கட்டும், பிரிந்தால் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும் என்றது அது. செப்டம்பரில் காந்தியும் ஜின்னாவும் பம்பாயில் பேசியது அந்தத் திட்டத்தை முன்வைத்துத்தான். ஜின்னா ஏற்கவில்லை. ராஜாஜியைத் துரோகி என்று சொந்தக் கட்சிக்காரர்களே திட்டினார்கள். மூன்றே வருஷத்தில் நாடு பிரிந்தது, மாவட்டம் மாவட்டமாக வெட்டித்தான் பிரிந்தது. அவர் கேட்ட பொது வாக்கெடுப்பு இல்லை, போதிய அவகாசம் இல்லை, முன்கூட்டிய ஒப்பந்தங்கள் இல்லை. அவர் சொன்னது சரியா தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபடலாம். நிதானமாகச் செய்யச் சொன்னதை அவசரமாகச் செய்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

1947 ஆகஸ்ட் 15 அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார், மேற்கு வங்காளத்தின் முதல் இந்திய கவர்னராக. அன்றைக்குக் கவர்னர் மாளிகைக்குள் மக்கள் வெள்ளமாகப் புகுந்துவிட்டார்கள். வெள்ளைக்கார கவர்னர் குடியிருந்த இடத்தை ஒரு தடவையாவது கால்வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதே ஊரில் பேலியகட்டாவில் ஒரு முஸ்லிம் வீட்டில் காந்தி உண்ணாநோன்பும் ராட்டையுமாக இருந்தார். டெல்லி விழாவுக்கு அவர் போகவில்லை, கலவரத்தை நிறுத்தும் வேலை அவருக்குப் பெரிதாகப் பட்டது.

மறுவருஷம் ஜூன் 21 அன்று மவுண்ட்பேட்டன் இடத்தில் ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர், கடைசி ஆளும் அவரே. 1947-க்குப் பிறகும் இரண்டரை வருஷம் நாம் பிரிட்டிஷ் மன்னரின் கீழான டொமினியனாகத்தான் இருந்தோம். 1950 ஜனவரி 26 காலை குடியரசுப் பிரகடனத்தை வாசித்தவர் ராஜாஜி, அதன்பின் ராஜேந்திர பிரசாத் பதவியேற்றார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் வாசித்த அறிக்கையோடு கவர்னர் ஜெனரல் பதவி ஒழிந்தது.

அதிலிருந்து பதினாறாம் நாள், பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறை. உள்ளே கம்யூனிஸ்ட் கைதிகள், பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். சிறைக்குள்ளேயே துப்பாக்கிச்சூடு நடந்து 22 பேர் இறந்தார்கள். அடிப்படை உரிமைகளோடு குடியரசு பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் நம் ஊரில் இது நடந்தது. சேலத்தின் சுதந்திர வரலாறு பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசினால் அது பாதி வரலாறு. அந்த 22 பேரும் இந்த நாட்டின் குடிமக்கள்.

இன்னொரு குரலும் சேலத்திலிருந்து புறப்பட்டது. 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' ஆனது. மூன்று வருஷம் கழித்து ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்றார் பெரியார். வெள்ளையன் கையிலிருந்து பார்ப்பன பனியா கைக்கு அதிகாரம் மாறுகிறது, திராவிடர்களுக்கு இதில் என்ன விடுதலை என்பது அவர் கேள்வி. சேலம் மாநாட்டுத் தீர்மானத்தைக் கொண்டுவந்த அண்ணா அதை வெளிப்படையாக மறுத்தார். இரண்டு பகைவர்களில் ஒருவன் போகிறான், அது மகிழ்ச்சிக்குரிய நாள்தான் என்றார். 1949-இல் தி.மு.க. தனியாகப் பிரிந்ததற்கு உடனடிக் காரணம் வேறு என்றாலும், விரிசல் வெளியே தெரிந்தது இந்த ஆகஸ்ட் 15-இல்தான். அந்த வழியில் வந்தவர்தான் கலைஞர். அதுவரை மாநிலங்களில் சுதந்திர தினத்திலும் கவர்னர்தான் கொடியேற்றுவார். டெல்லியில் பிரதமர் ஏற்றும்போது மாநிலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வருக்கு ஏன் அந்த உரிமை இல்லை என்று அவர் இந்திரா காந்தியிடம் கேட்டு வாங்கினார். 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதல்வர்கள் கொடியேற்றுவது அதனால்தான்.

பேச்சுப்போட்டிக்கு வருவோம். இத்தனையையும் ஐந்து நிமிடத்தில் கொட்டினால் எதுவும் நிற்காது. என்னைக் கேட்டால் 1882 வழக்கை எடு. இளம் வக்கீல், பத்து வருஷ தண்டனை, சொந்த வாதம், விடுதலை, பிறகு சர்க்கார் மேலேயே வழக்கு, கடைசியில் நாக்பூர். சேலத்து மேடையில் சேலத்துக் கதை, வேறு யாரும் பேச மாட்டார்கள். ஆகஸ்ட் 15-க்கான காரணத்தை முன்னுரையில் நான்கு வாக்கியத்தில் வைத்துவிடு.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். நேரு செங்கோட்டையில் முதன்முதலாகக் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16, 15 அல்ல. பல பேச்சுகளில் தவறாக வரும், நடுவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். அடுத்தது, ராஜாஜியை "முதல் கவர்னர் ஜெனரல்" என்று சொல்லிவிடாதே. சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டனே.